வவுச்சர் இல்லாத வரைபடம்

ஆடிட்டிங் தேர்வில் வவுச்சிங் பற்றி மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் அது எதற்கு என்று உறைத்தது, அமெரிக்காவின் பிராட்பேண்ட் கணக்கைப் படித்தபோதுதான்.

எங்கெல்லாம் இணைப்பு தருகிறோம் என்று அங்கே கம்பெனிகளே தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.க்கு எழுதித் தரும். ஒரு சென்சஸ் பிளாக்கில் ஒரே ஒரு வீட்டுக்குத் தர முடிந்தாலும் அந்த பிளாக் முழுவதும் இணையம் உண்டு என்று கணக்கு! கிராமப்புறத்தில் ஒரு பிளாக் பல சதுர மைல் இருக்கும். மானியமும் இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான். ஆக, விடுபட்ட வீட்டுக்கு இணையமும் இல்லை, மானியமும் இல்லை.

இதைத் திருத்த 2020 மார்ச்சில் சட்டம் வந்தது. 2022 நவம்பரில் வந்த புது வரைபடம் வீடு வீடாகக் காட்டுகிறது. தப்பென்றால் வீட்டுக்காரரே ஆட்சேபிக்கலாம்.

அதே மார்ச்சில் நெட்வொர்க் பாதுகாப்புக்கும் ஒரு சட்டம் வந்தது. ஹுவாவே, இசட்.டி.ஈ. கருவிகளைக் கழற்றி மாற்ற முதலில் ஒதுக்கியது 190 கோடி டாலர். கம்பெனிகளின் மதிப்பீடுகளைச் சரிபார்த்தபோது தேவை ஏறக்குறைய 500 கோடி! பாக்கிக்கு 2024 டிசம்பரில்தான் வழி பிறந்தது.

பேலன்ஸ் ஷீட் டேலி ஆவது வேறு, உண்மையாக இருப்பது வேறு. மூன்று பக்கத்தில் நான் எழுதாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான்.