கமாண்ட் நாட் ஃபவுண்ட்

லினக்ஸ் லேப்ல நாம எல்லாரும் அதிகமா பார்த்த வரி எதுன்னு கேட்டா, "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"தான். பார்த்ததும் பாதிப் பேர் சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா ஷெல் அங்க சொல்றது, "எனக்குத் தேடச் சொன்ன இடங்கள்ல அது கிடைக்கல" என்பது மட்டும்தான்.

நாம ஒரு கமாண்டை டைப் பண்ணினா, ஷெல் மொத்த டிஸ்க்கையும் தேடாது. 'பாத்' என்ற என்விரான்மென்ட் வேரியபிள்ல ஒரு ஃபோல்டர் பட்டியல் இருக்கும், முக்காற்புள்ளியால் பிரிச்சு. இடமிருந்து வலமா தேடி, முதல்ல கிடைக்கிறதையே ஓட்டும். ஒரே மெஷின்ல ரெண்டு பைத்தான் இருந்தா, எது ஓடும்னு முடிவு பண்றது அந்த வரிசைதான். 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

இன்னொரு விஷயம், ஒரு ப்ராசஸ் இன்னொன்னைத் தொடங்கும்போது தன் என்விரான்மென்ட்டோட நகலைக் கொடுத்து அனுப்பும். 'எக்ஸ்போர்ட்' செய்த வேரியபிள்கள் மட்டும்தான் அதுல போகும். பிள்ளை அதில் எதை மாத்தினாலும் பெற்றவருக்குத் திரும்பி வராது.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல, சென்சார் ரீடிங்கை ராத்திரி எடுத்து வைக்கிற ஸ்கிரிப்ட் டெர்மினல்ல நல்லா ஓடும், கிரான்ல ஓடாது. காரணத்தைக் கண்டுபிடிச்சது என் ரூம்மேட். கிரானுக்குள்ளயே 'என்வ்' கமாண்டை ஓட்டி, வர்றதை ஒரு ஃபைல்ல எழுத வெச்சான். உபுண்டுல கிரானோட பாத்ல ரெண்டே ரெண்டு ஃபோல்டர்தான் இருந்தது. நம்ம டெர்மினலோட பாத்ல இருந்த ஹோம் ஃபோல்டர் அதுல இல்லவே இல்ல. ஸ்கிரிப்ட் தலைப்பிலேயே பாத்தை எழுதி எக்ஸ்போர்ட் பண்ணினான். சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாதுன்னும் எங்களுக்குச் சொன்னான். அன்னைக்கு ராத்திரியே ஓடிடுச்சு.

ரிவ்யூல பேனல் சார் அதைப் பத்தி அவன்கிட்டயே கேட்டார், இங்கிலீஷ்ல. அவன் வாயே திறக்கல. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். சார் பேனாவை எடுத்ததும், எங்க டீம்ல ஒருத்தி, "சார், அவன் தமிழ்ல சொல்லலாமா?"ன்னு கேட்டா. சார் தலையாட்டினார். போர்டுல படம் போட்டு, மேல நான் எழுதினது எல்லாத்தையும் அவன் அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சான்.

எனக்கு எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அதை நான் சம்பாதிக்கல. வீட்டுல எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினது. அவனுக்கு அந்த வேரியபிள் வரல, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள்ல பிளேஸ்மென்ட். அங்க "தமிழ்ல சொல்லலாமா"ன்னு அவனுக்காக யார் கேட்பா?

பாத்துக்குப் புது மதிப்பு கொடுக்கும்போது, பழைய பட்டியலை அழிச்சிட்டா எல்எஸ் கூடக் கிடைக்காது. பழசை அப்படியே வெச்சுக்கிட்டு, பக்கத்துல ஒரு முக்காற்புள்ளி போட்டுப் புதுசைச் சேர்க்கணும். இப்போ தினமும் மெஸ் முடிஞ்சதும் எங்க ரூம்ல மாக் இன்டர்வியூ நடக்குது. ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல தமிழ்ல பதில், அப்புறம் அதையே இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல திணறுற ஜூனியர்கள் யாரா இருந்தாலும் வரலாம். கதவு பூட்டியிருக்காது.