மலரில் இடம்பெறாத ஆண்டு

இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஊர்களின் வரலாறு கூறும் மலர்களைப் புரட்டுவோர் கோயில் கட்டப்பட்ட ஆண்டையும் வாசிகசாலை திறக்கப்பட்ட ஆண்டையும் தபாற் கந்தோர் வந்த ஆண்டையும் எளிதில் அறிந்துகொள்ளலாம். 1844 பெரும்பாலும் அவர்கள் கண்ணிற் படாது.

எமது சிறு பட்டினத்துக்கும் அத்தகைய மலரொன்று தயாரானபோது, ஆசிரியர் சிலரும் உயர்வகுப்பு மாணவருமாகிய நாம் இந்த ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டோம். வெறுங்கையோடு கேட்கவில்லை. மாணவன் ஒருவனின் வீட்டுப் பெட்டகத்திற் கிடந்த பழைய சீதன ஓலையின் பிரதி எம்மிடம் இருந்தது. வயல் இத்தனை பரப்பு, எருது ஒரு சோடி, நகை இன்னின்னவை. அவற்றினிடையே ஒரு பெண்ணின் பெயர். அவளும் சீதனம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று பெயர் சுட்டியே அது பேசுகிறது. தாய் எவருக்கு உரியவளோ பிள்ளையும் அவருக்கே உரியது என்பது வழக்கு. ஆகவேதான் ஆங்கில அரசு 1821இல் பெண் குழந்தைகளை விலைகொடுத்து விடுவிக்கும் வழியைக் கைக்கொண்டது. மகள் விடுதலையானால் அவள் வயிற்றிற் பிறப்போரும் விடுதலையாவர் அல்லவா? காருண்யத்துக்கும் கணக்கு வேண்டியிருந்தது போலும்! 1844இன் சட்டம் ஆளை விடுவித்தது; நிலம் கொடுக்கவில்லை. உழுத காணியும் ஏறிய பனையும் குடிசை நின்ற மண்ணும் பழைய எசமானிடமே இருந்தன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது சில பாடசாலைகள் கொளுத்தப்பட்டன. தேநீர்க் கடைக்காகவும் கோயில் வாசலுக்காகவும் 1966இலும் 1968இலும் மக்கள் போராட வேண்டியிருந்தது.

“பழைய புண்ணைக் கிளறாதீர்கள்” என்றனர் மலர்க் குழுவினர். புண் யாருடையது என்று கேட்டோம். பதில் வரவில்லை, அதை நாம் எதிர்பார்த்தே இருந்தோம். எதிர்பாராதது மறுபுறத்திலிருந்து வந்தது. அடிமைப்பட்டோர் வழிவந்த தந்தை ஒருவர் எம்மைத் தேடி வந்தார். “மாஸ்ரர், என்ர பிள்ளை கம்பசுக்குப் போகப்போறாள். அவளுக்கு இந்த ஓலை என்னத்துக்கு?” என்றார்.

குழுவினரின் மௌனம் பெருமையைக் காப்பது. இவரின் மௌனம் மகளைக் காப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எமக்கு மனம் வரவில்லை.

மலர் 1844 இன்றியே வெளிவந்தது. மாணவரின் கையெழுத்துச் சஞ்சிகையில் அப்பக்கத்தை எழுதத் தீர்மானித்தோம். எந்த நாளை நினைவுநாளாகக் குறிப்பது என்பதிலேயே வாதம் எழுந்தது. பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், அடிமையுடையோர் பலர் 1816 ஆகஸ்ட் 12 முதல் பிறக்கும் குழந்தைகளைச் சுதந்திரராக ஏற்றனர். ஆனால் அது ஆங்கில இளவரசரின் பிறந்தநாள்! அவருடைய பிறந்தநாளை நாம் ஏன் கொண்டாடவேண்டும் என்றாள் ஒரு மாணவி. நாள் குறிக்காமல் ஆண்டை மட்டும் எழுதினோம்.

அந்தத் தந்தையின் சொல்லை மதித்துப் பெண்ணின் பெயரை விட்டெழுத எல்லோரும் உடன்பட்டனர். சீதனம் கொடுத்தவரின் பெயரையும் விடுவதா என்பதில் இரண்டு பாடவேளைகள் கழிந்தன. விடவேண்டாம் என்று முதலிற் கூறியவன் ஓலையைக் கொண்டுவந்த மாணவனே. அவனுடைய முன்னோரின் பெயரை அவனே எழுதினான்.