சட்டைப்பைக்குள் ஓர் ஊர்

எல்லை கடக்கும்போது நமது பயணப்பொதியை அதிகாரி ஒருவர் திறந்து பார்ப்பதை நாம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். சாரமும் கருவாடும் மாசித்தூளும் கிளறப்படுவதில் எவருக்கும் பெரிய மனத்தாங்கல் கிடையாது. ஆனால், சட்டைப்பைக்குள் கிடக்கும் கைத்தொலைபேசியை அதே கணக்கில் சேர்ப்பது எப்படி? அதற்குள் ஓர் ஊரே இருக்கிறதே!

எங்கள் வீதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மேற்படிப்புக்காக இலண்டன் செல்லவிருக்கிறார். டோஹா வழியாகப் பயணம். விடைபெற வந்தவரிடம், தொலைபேசியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "என்னட்ட ஒளிக்க ஒண்டுமில்ல காக்கா. பாத்தாப் பாக்கட்டுமே" என்றார்.

இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அவரிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதை நானும் நம்புகிறேன். ஆனால், அந்தத் தொலைபேசியில் இருப்பவை அவருடையவை மட்டும்தானா? உம்மாவின் வைத்திய அறிக்கை, ராத்தாவின் கலியாணப் படங்கள், கடன் வாங்கிய அயலவரின் அடையாள அட்டைப் பிரதி, பள்ளிவாசல் நிருவாகச் சண்டை பற்றிய குரற்பதிவுகள், அவர் சேர்ந்ததும் சேர்க்கப்பட்டதுமான பதினான்கு வட்ஸ்அப் குழுக்கள். இவையெல்லாம் பிறர் இவரை நம்பிக் கொடுத்தவை. நம்மவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் அமானிதம். அமானிதப் பொருளைத் திறந்து காட்டுவதற்கு வைத்திருப்பவருக்கு அனுமதி இல்லை. இந்த விடயத்தில் எனது நிலைப்பாடு அவ்வளவுதான்.

தொலைபேசி என்ன செய்யும் என்பதை எமது கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதித் தாக்குதல்களின் பின்னர், 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் நடந்ததை இப்பகுதியில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்து வந்த வாரங்களில், வீடுகள் சோதனையிடப்பட்டபோது, குற்றமேதும் செய்யாத மனிதர்கள் அறபு நூல்களை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். மெமரி கார்டுகள் கிணற்றுக்குள் போயின. யாரோ அனுப்பிய பயான் ஒன்று, யாரோ பகிர்ந்த படம் ஒன்று, கேட்டிராவிட்டாலும் பார்த்திராவிட்டாலும் தொலைபேசியில் கிடந்தால் அது உங்களுடையதுதான்! எங்கள் ஊர்களில் ஜிஹாத் என்பது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். எனது தொலைபேசியில் 'ஜிஹாத் மீன்' என்று ஒருவரின் இலக்கம் இருக்கிறது. அவர் மீன் வியாபாரி. இதனை நமது மொழி தெரியாத ஓர் அதிகாரிக்கு நள்ளிரவு இரண்டு மணிக்கு விளக்கிச் சொல்வதை எண்ணிப் பாருங்கள்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச அலுவலர் ரம்ஸி ராஸிக், எழுத்தின் மூலமான கருத்தியல் ஜிஹாத் என்று முகநூலில் எழுதியமைக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 நவம்பர் வரை செல்ல வேண்டியிருந்தது. சொந்த நாட்டிலேயே ஒரு சொல்லுக்கு இவ்வளவு காலம் பிடிக்கிறது.

இலண்டன் செல்பவருக்கு இலண்டன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவின் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ எவரையும், சந்தேகம் எதுவும் இல்லாமலேயே, நிறுத்தி விசாரிக்க அது அதிகாரம் தருகிறது. முன்னர் ஒன்பது மணித்தியாலம். 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஆறு. கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது அங்கே குற்றம். 2013 ஆகஸ்ட் 18 ஆம் திகதி, பெர்லினிலிருந்து பிரேசில் திரும்பும் வழியில், டேவிட் மிராண்டா ஹீத்ரோவில் ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் தடுத்து வைக்கப்பட்டார். ஸ்நோவ்டன் ஆவணங்களை வெளிக்கொணர்ந்த ஊடகவியலாளர் கிளென் கிரீன்வால்டின் துணைவர் அவர். அவரிடமிருந்த சாதனங்கள் அனைத்தும் எடுக்கப்பட்டன. தடுத்து வைத்தது சட்டபூர்வமானதுதான் என்று 2016 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால், ஊடகவியல் சார்ந்த ஆவணங்களைப் பொறுத்தவரை அந்த அதிகாரத்துக்குப் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இன்னொரு வழக்கு. கேஜ் அமைப்பின் பணிப்பாளர் முஹம்மத் ரப்பானி 2016 நவம்பரில் கட்டாரிலிருந்து ஹீத்ரோவில் வந்திறங்கினார். கடவுச்சொற்களைக் கேட்டார்கள். சித்திரவதைக்கு உள்ளானதாகக் கூறும் ஒருவர் தன்னை நம்பிச் சொன்ன தகவல்கள் சாதனத்தில் இருப்பதாகக் கூறி அவர் தர மறுத்துவிட்டார். 2017 செப்டெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. சிறைத்தண்டனை இல்லை, நிபந்தனையுடன் விடுவித்தார்கள். ஆனாலும், பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் ஒரு தண்டனைப் பதிவு! அமானிதத்தைக் காப்பதற்கு அவர் கொடுத்த விலை அது. மாணவர் விசாவில் செல்லும் எங்கள் வீதிப் பிள்ளைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. ஆகவே, வாயில் நிலையில் நின்று மறுப்பதைவிட, வாயிலுக்கு அந்தப் பொருளைக் கொண்டு செல்லாதிருப்பதே வழி.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 2023 ஒக்டோபர் தொடக்கம் 2024 செப்டெம்பர் வரையான ஓராண்டில் 47,047 பயணிகளின் சாதனங்கள் அங்கே சோதிக்கப்பட்டன. மொத்தப் பயணிகள் 42 கோடிக்கும் அதிகம் என்பதால் இது மிகச் சிறிய விகிதம்தான். ஆனால், விகிதாசாரம் எல்லாப் பெயர்களுக்கும் ஒரேமாதிரி வேலை செய்யும் என்று நம்புமளவுக்கு எனக்கு வயது குறைவில்லை. நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு என்று வரும்போது அதற்குள்ளேயே விதிவிலக்குகளும் இருக்கின்றன. எல்லையில் நிற்கும் பயணிக்கு அது குடையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாட்டின் பெயர் வேண்டாம், ஒரு விமான நிலையத்தில் எனது மனைவியின் தொலைபேசியை வாங்கிய இளம் அதிகாரி ஒருவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். மகளின் கலியாணத்துக்கு முந்திய இரவு, மருதாணி போடும்போது, பெண்கள் மட்டும் இருந்த அறையில் எடுத்த படங்கள். முக்காடு இல்லாத முகங்கள். என் கண்ணுக்கே காட்டப்படாத படங்கள் அவை. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. இருபது நிமிடத்தின் பின் 'நன்றி' சொல்லித் திருப்பித் தந்தார். விமானத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படங்களில் இருந்த பெண்களுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்பது அவருக்கு இன்றுவரை தீராத கேள்வி.

எனது தொழிலில் இந்தப் பாரம் இன்னும் அதிகம். 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவினால் மரணித்தவர்களைக் கட்டாயமாக எரித்த காலத்தில், பல குடும்பங்களின் வாக்குமூலங்களைத் தொலைபேசியில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பேசியவர்கள். சிலர் அரச ஊழியர்கள். அப்பதிவுகள் எனது பயணத் தொலைபேசியில் ஒருபோதும் இருந்ததில்லை. இது புதிய புத்தியல்ல. 1990 களில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் வழியில் சோதனைச் சாவடிகளில் பேருந்திலிருந்து இறங்கி நடந்து மீண்டும் ஏறிய நாட்களிலேயே, குறிப்புப் புத்தகத்தில் முழுப்பெயர் எழுதாத பழக்கம் எங்களுக்கு இருந்தது. பெயர் மனத்தில், சம்பவம் தாளில். (அறபுத்தமிழில் எழுதலாமே என்று நண்பர் ஒருவர் அப்போது யோசனை சொன்னார். நல்லவேளை, எவரும் பின்பற்றவில்லை!)

அந்த இளைஞருக்குச் சொன்னவற்றை இங்கும் எழுதிவிடுகிறேன். பழைய தொலைபேசி ஒன்றைத் துப்புரவாக்கி, பயணத்துக்குத் தேவையானவற்றை மட்டும் அதில் வைத்திருங்கள். மற்றவற்றை வீட்டிலேயே பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அழித்த படங்கள் ஏறத்தாழ ஒரு மாதம் வேறொரு கோப்புறையில் தங்கியிருக்கும். அதையும் வெறுமையாக்க வேண்டும். கைரேகையை நிறுத்திவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத குறியீடு வையுங்கள். விமானம் தரையிறங்கும் முன்னர் தொலைபேசியை முழுமையாக அணைத்துவிடுங்கள். உறங்கவைப்பது போதாது, அணைத்து மீண்டும் திறக்காத நிலையில்தான் அதன் மறைகுறியாக்கம் முழுப் பலத்துடன் இருக்கும். மடிக்கணினியின் நுழைவுக் கடவுச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தினால் யாவும் தெரியும். வன்தட்டையே மறைகுறியாக்க வேண்டும். தொலைபேசி உங்கள் பார்வையை விட்டு எடுத்துச் செல்லப்பட்டால், திரும்பி வந்ததும் வட்ஸ்அப்பில் வேறு சாதனம் எதுவும் இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள், வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். சட்டத்தரணி ஒருவரின் இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்திருங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். 'பயணத்துக்கென்று வைத்திருக்கும் தொலைபேசி இது' என்பது உண்மை, அது போதும்.

முற்றிலும் வெறுமையான தொலைபேசியே சந்தேகத்தைத் தராதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தரலாம். அதனால்தான் உம்மாவுடனான உரையாடலும் பல்கலைக்கழகக் கடிதங்களும் சில படங்களும் இருக்கட்டும் என்றேன். சாதாரண மாணவனின் தொலைபேசி, பாரம் குறைந்ததாக.

குழுக்களிலிருந்து வெளியேறுவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. பத்துக் குழுக்களை அன்றிரவே விட்டார். ஊர்க்குழுவில் நாளொன்றுக்கு முந்நூறு செய்திகள். யார் எதை அனுப்புகிறார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால், ஜனாஸா அறிவித்தல்கள் வருவதும் அதில்தான். வெளியேறினால் ஊரில் யார் மௌத்தானார் என்பதே தெரியாமல் போய்விடும் என்று தயங்கினார். கடைசியில் அதையும் விட்டுவிட்டார். ஜனாஸா செய்திகளை நான் அழைத்துச் சொல்வதாக ஏற்பாடு.