முதலில் ஃபோர்க்கை அள

ஊரில் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் 28 என்றால் சக்கரத்தின் உயரம், இஞ்சுக் கணக்கு. 28-க்கு ஒன்றரை டயர் நாலைந்து தொங்கினால் பாதி ஊருக்குப் போதும். திருவான்மியூரில் ரோடு பைக் கடையில் சேர்ந்தபோது அதே 28 டயரின் அகலமாகிவிட்டது, அதுவும் மில்லிமீட்டரில். கடை மெக்கானிக் அண்ணன்தான் டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் 28-622-ஐக் காட்டினார். 28 அகலம், 622 டயர் ரிம்மில் உட்காருமிடத்தின் விட்டம். நம் கறுப்புச் சைக்கிளில் அது 635.

அந்த 28-ஐயும் அவர் முழுசாக நம்புவதில்லை. உள் அகலம் 15 மி.மீ. இருக்கும் பழைய ரிம்மில் அது 28-க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 21 மி.மீ. ரிம்மில் மாட்டினால் 30-ஐத் தொடும். அதனால் வெர்னியர் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான்.

மாமல்லபுரம் வரை போய்வரும் ஒருவர் வந்தார். எடை 90 கிலோ இருக்கும். ரிம் பிரேக் பைக், 23 டயர். இப்போதெல்லாம் ரேஸிலேயே 30, 32 போடுகிறார்களாமே, எனக்கும் 32 போடுங்கள் என்றார்.

"டயர எடுக்காத, தம்பி. முதல்ல ஃபோர்க்க அள."

ஃபோர்க்கில் டயருக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் பிரேக்குக்கும் நடுவே 9 மி.மீ. இருந்தது. டயர் அகலமானால் உயரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பக்கவாட்டை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 28 போட்டால் மேலே 4 மி.மீ. மிஞ்சும். 32 போட்டால் பிரேக்கில் உரசும். உரசாவிட்டாலும் நெருக்கமாக ஓட்டக் கூடாது. அண்ணன் வேறொரு ஃபிரேமைத் திருப்பிக் காட்டினார்: பின் சக்கரம் நுழையுமிடத்தில், டயரில் ஒட்டி வந்த மணலும் பொடிக்கல்லும் அரைத்து அரைத்துப் பெயின்ட் போய், உள்ளே கார்பன் இழை தெரிந்தது.

அவருக்கு 28 முடிவானது. ஒல்லி டயரில் காற்றை இறுக்கி அடித்தால்தான் வேகம் என்று நானும் கேட்டு வளர்ந்தவன்தான். காற்றைப் பொறுத்தவரை, வழவழப்பான இரும்பு உருளையில் உருட்டிப் பார்த்தால் அது உண்மை. ஜல்லி பெயர்ந்த சாலையில் கல்லாய் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் பைக்கையும் ஆளையும் தூக்கிப் போடும். அந்த அதிர்வை உடம்பின் சதை வாங்கி வீணாக்குகிறது. வீணாவது நாம் மிதித்த மிதிதான். அகல டயரில் காற்றுக் கொள்ளளவு அதிகம். அழுத்தத்தைக் குறைத்தாலும் ரிம் தரையில் இடித்து டியூபில் பாம்புக்கடி போல இரட்டை ஓட்டை விழுவது அபூர்வம்.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது: புதிதாக வரும், டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம்களுக்கு 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ.தான் உச்ச வரம்பு. டயர் கம்பெனி அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. அந்த ரிம் வந்தால் பம்பை நான் தொடுவதில்லை, அண்ணனைக் கூப்பிடுவேன்.

இவருடையது பழைய கொக்கி ரிம், டியூப் டயர். பின்னால் 85, முன்னால் 80 வைத்தோம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"காத்து கம்மியா இருக்கே? நான் 110 அடிப்பேன்."

அண்ணன் கேஜை மாட்டி முள்ளைக் காட்டினார். வந்தவர் தலையாட்டிவிட்டுத்தான் போனார். வீட்டுக்குப் போய் 110 அடித்திருப்பார் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.