சஃபாரிக்குச் செல்லும் முன்



துபையில் பணிபுரியும் எங்கள் மைத்துனர், இவ்வாண்டு ஜூலை விடுமுறையில் மனைவி மக்களுடன் தென்னாப்பிரிக்காவுக்குச் சஃபாரி செல்ல நாடியிருக்கிறார். "மச்சான், மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டு, விடுதியின் படங்களையும் அனுப்பியிருந்தார். நாங்கள் இருவரும் அவற்றை நெடுநேரம் பார்த்தோம். கூடார வடிவில் ஓர் அறை, அதனுள் பளிங்குக் குளியல் தொட்டி, முற்றத்தில் சிறு நீச்சல் குளம், அதற்கப்பால் நீர் அருந்தும் யானைக் கூட்டம். க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகங்களில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டும் விடுதிகள் உண்டு. அவர்கள் நால்வர், தங்குவது ஐந்து இரவுகள். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

பயணத்திற்குத் தடையில்லை என்றே முதலில் எழுதினோம். பூமியில் சுற்றி வந்து படைப்பின் தொடக்கத்தைப் பார்க்குமாறு அல்லாஹ் அன்கபூத் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. மத்ரஸாவில் இதைச் சொல்லிக்கொடுக்கும் நாங்கள், பார்க்கப் போகிறவரைத் தடுக்க முடியுமா? ஆனால் அதே தளத்தில் வேட்டைப் பயணத்திற்கும் விளம்பரம் இருந்தது. உண்ணாத விலங்கைச் சுட்டுக் கொன்று, தலையைச் சுவரில் மாட்டும் அந்த வேடிக்கைக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. உயிருள்ளதை இலக்காக வைத்து எய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள்.

தொழுகையைப் பற்றியும் விசாரித்தோம். தனியார் காப்பகங்களில் திறந்த வண்டி விடியலுக்கு முன்பே புறப்படும். ஃபஜ்ருக்கு நேரம் நெருக்கும். மாலைச் சுற்றிலோ, சரியாகச் சூரியன் மறையும் வேளையில் காட்டின் நடுவே வண்டியை நிறுத்தி மது பரிமாறுவது அங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. நமக்கு மக்ரிப் நுழையும் நேரம் அது! பழச்சாறும் தருவார்கள் என்றார் மைத்துனர். தருவார்கள்தாம், ஆயினும் பிள்ளைகள் எந்தச் சபையில் நிற்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. அவருடைய மனைவி ஷாஃபிஈ குடும்பத்தவர். பயணத்தில் மக்ரிபை இஷாவுடன் சேர்த்துத் தொழ அவருக்கு வழியுண்டு. ஹனஃபிகளாகிய எங்கள் வீட்டாருக்கு அந்தச் சலுகை இல்லை. சுருக்கித் தொழலாம், சேர்த்துத் தொழ இயலாது.

ஆகவே இன்னொரு வழியைத் தேடிச் சொன்னோம். க்ரூகர் பூங்கா அரசுடையது. 1926 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. அதற்குள் ஸ்குகூசா, சட்டாரா, லோயர் சாபி முதலிய முகாம்கள் இருக்கின்றன. வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் சென்று, சமையலறையுடன் கூடிய குடிலில் தங்கலாம். ஹலால் இறைச்சியை ஜோகன்னஸ்பர்க்கிலேயே வாங்கிச் சென்று சமைத்துக்கொள்ளலாம். பொழுது சாயும்போது முகாமின் வாயிலை அடைத்துவிடுவார்கள்; அதற்குள் திரும்பியே ஆக வேண்டும். மக்ரிப் தப்பாமலிருக்க இதைவிட நல்ல சட்டம் வேறென்ன வேண்டும்? வண்டியைச் சாலையை விட்டு இறக்கக் கூடாது என்பதால் சிங்கத்தை அருகில் காணும் வாய்ப்புச் சற்றுக் குறையலாம். ஜூலை அங்கே வறண்ட குளிர்காலம். புதர்கள் இலையுதிர்ந்து, விலங்குகள் நீர்நிலைகளுக்கு வந்து சேரும். செலவோ தனியார் விடுதியில் ஆவதில் ஒரு சிறு பங்கு.

ஆடம்பர விடுதிகளை முற்றிலும் பழித்துவிடவும் மனம் வரவில்லை. பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969 இல் நிறவெறி அரசு வெளியேற்றியது. 1998 இல் நிலம் அவர்களுக்கே திரும்பியது. அவர்கள் மீண்டும் குடியேறாமல், அதைக் காடாகவே வைத்து, விடுதி நடத்துவோரிடம் ஒப்பந்தம் செய்து வருவாய் பெறுகிறார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குக் கானாடுகாத்தான் நினைவுக்கு வந்தது. இங்கும் செட்டியார் மாளிகைகள் சில விடுதிகளாகி, வெளிநாட்டவர் வந்து தங்குகிறார்கள். ஆத்தங்குடித் தளக்கற்களையும் தேக்குத் தூண்களையும் படமெடுக்கும் அவர்களுக்கு, மிதிவண்டியில் போகும் நாமும் ஒரு காட்சிதான்! அவர்கள் தரும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு தங்குகிறது என்று நாம் கேட்கிறோம் அல்லவா? அங்கே போகும்போதும் அதைக் கேட்டுவிட்டு அறையைப் பதிவு செய்வது நல்லது.

திருப்பத்தூரைக் கடந்து மதுரைச் சாலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977 இல் அறிவிக்கப்பட்டது. சென்ற குளிர்காலத்தில் மத்ரஸா மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் கண்மாயின் கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்தன. கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் வாழ்வோர் இப்பறவைகள் மிரளக் கூடாதென்று தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஹதீஸை அன்று கண்மாய்க் கரையில் வைத்தே ஓதிக் காட்டினோம். மாணவர்கள் அசையாமல் கேட்டார்கள். வகுப்பறையில் அப்படிக் கேட்டதில்லை.

மைத்துனரிடம் சொல்லத் தயங்கிய ஒன்று எஞ்சியிருந்தது. அவர் இன்னும் ஹஜ் செய்யவில்லை. எழுபதைக் கடந்த மாமியாரும் செய்யவில்லை. வசதி வந்த பின் ஹஜ்ஜைத் தள்ளிப்போடுவது ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி குற்றம். உறுதியான எண்ணம் இருந்தால் தாமதிக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இல்லாள்தான் தம்பியிடம் பேசினார்: "உனக்கு யானை காத்திருக்கும்; அம்மாவுக்கு முழங்கால் காத்திராது." மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார். தனியார் விடுதியை விட்டுவிட்டாராம்; முகாமில் நான்கு இரவு. மிச்சமாகும் தொகையில் அடுத்த ஹஜ்ஜுக்குத் தாயாருடன் விண்ணப்பிக்க அல்ஹம்துலில்லாஹ் நிய்யத் செய்திருக்கிறார். அவருடைய மகள் கைபேசியை வாங்கி, "மாமா, அங்கே கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காரைக்குடியில் மேற்கு நோக்கித் தொழுகிறோம். அங்கே வடக்கிலிருந்து சற்றே கிழக்குப் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்றோம். அவள் நம்பவில்லை, உலகப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.