வீட்டுக்கு ஒரு தன் பதிவேடு

"ரிட்டயர் ஆனவருக்கு எதுக்கு சார் நோட்டும் பேனாவும்?" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆபீஸ் இல்லை, மேலதிகாரி இல்லை. ஆனால் வேலை இல்லை என்று யார் சொன்னது? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கட்டணம், அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி, ஏப்ரலில் வங்கிக்கு வரிப் படிவம், ஓய்வூதியர் நேர்காணல், சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை. போதாததற்குப் பால் கணக்கு, கேஸ், கல்யாண மொய்.

எங்கள் வீட்டில் இவை அத்தனைக்கும் நாற்பது ஆண்டுகளாக ஒரே பதிவேடுதான். அது என் மனைவியின் தலை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்பது வரை அதில் இருக்கும். நான் சம்பளக் கவரைக் கொடுப்பதோடு சரி.

சென்ற ஆண்டு அந்தப் பதிவேட்டில் எழுத்து மங்கத் தொடங்கியது. மறதி நோயின் ஆரம்பம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "ஏங்க, இனிமே வீடு எப்படிங்க நடக்கும்?" என்றுதான் கேட்டாள்.

விடை என் பழைய உத்தியோகத்திலேயே இருந்தது. வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கு டாட்டன்ஹாம் முறை தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணக் கலெக்டர் ஆபீஸ்களுக்காக வகுத்த கோப்பு முறை அது. ஒவ்வொரு உதவியாளருக்கும் ஒரு தன் பதிவேடு. வந்த தபால் ஒவ்வொன்றும் எண் போட்டு அதில் ஏற வேண்டும். அடுத்து என்ன நடவடிக்கை என்பதும் எழுத வேண்டும். எந்தத் தேதியில் எதை நினைவூட்டுவது என்பதற்குத் தனியாக ஒரு டைரி. மாதாமாதம், ஆண்டுதோறும் அனுப்ப வேண்டியவற்றுக்குப் பருவப் பதிவேடு. உடனே ஒன்றும் செய்ய முடியாத கோப்பு 'கால் புக்'கில் தூங்கும். உரிய நாளில் எழுப்பப்படும். குறித்த நாளில் கண்காணிப்பாளர் தன் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பார். அன்றைக்கு நமக்கு வயிறு கலங்கும்.

என் மகள் ஒரு புத்தகம் கொடுத்தாள். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் எழுதி 2001-ல் வந்த 'கெட்டிங் திங்ஸ் டன்'. தலையில் சுமப்பதை வெளியே இறக்கி எழுது, ஒவ்வொன்றுக்கும் அடுத்த செயலை முடிவு செய், வாரம் ஒரு முறை முழுவதையும் பார் என்கிறார். நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12, ஆக 43 உறைகள் வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். நம் ஆபீஸ் பதிவேடுகள் கோட்டு சூட்டு போட்டு வந்து நிற்கின்றன! ஒன்று மட்டும் எனக்குப் புதிது: இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை எழுதாதே, அப்போதே முடித்துவிடு. ஆபீஸில் இதைச் செய்திருந்தால் பாதிக் கோப்பு பிறந்தே இருக்காது.

ஒரு நீள நோட்டு வாங்கினேன். தினமும் காலைக் காபிக்குப் பிறகு அரை மணி நேரம் அவள் சொல்வாள், நான் எழுதுவேன். பத்து நாள் ஆயிற்று. எண், விவரம், அடுத்து செய்ய வேண்டியது என மூன்றே கட்டங்கள். 'தண்ணீர்த் தொட்டி' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'தொட்டி கழுவுபவருக்குப் போன் செய்ய வேண்டும்' என்று எழுதினால்தான் நடக்கும். முடிந்ததைச் சிவப்பு மையால் சுழிப்பது அவள் வேலை. ஞாயிறு மாலை பதிவேட்டு ஆய்வு. கண்காணிப்பாளரும் அவள்தான்.

43 உறைகளுக்குப் பதில் எங்களுக்குத் தினசரி காலண்டர் போதுமானதாக இருக்கிறது. சொத்து வரி கட்ட வேண்டிய தேதித் தாளில் இன்றே பென்சிலால் குறித்துவிடுவோம். அந்த நாள் வந்து முந்தின தாளைக் கிழித்ததும் வேலை தானே எதிரில் நிற்கும்.

இதனால் அவள் மறதி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பால் பணம் கொடுத்தாயிற்றா என்று ஒரே நாளில் நான்கு முறை கேட்கிறாள். முன்பு நான் பதில் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பாள், கண் கலங்குவாள். இப்போது தானே நோட்டைப் புரட்டுகிறாள். தன் கையால் போட்ட சிவப்புச் சுழியைப் பார்த்ததும், "நானே முடிச்சிருக்கேன்" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கும். அது நன்றாக இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்தில் உட்காருங்கள். எழுதுவதற்கு நிறைய இருக்கும்.