மாரெட்பள்ளியிலிருந்து ஒரு சாலை

செகந்தராபாத் என்றால் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. இரயில் ஏறியவர் யாவரும் அப்பெயரை ஒரு முறையேனும் கேட்டிருப்பர். மாரெட்பள்ளி என்றால் அறிந்தவர் சிலரே. நிலையத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால், வேப்பமரங்களும் பழைய வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் கலந்து நிற்கும் பகுதி ஒன்று தென்படும். விடியற்காலையில் அங்கே நடந்து செல்பவர், கோலமிட்ட வாசல்களைக் காண்பர். காப்பிப் பொடி அரைபடும் மணத்தை நுகர்வர். ஒரே தெருவில் தெலுங்கும் உருதுவும் தமிழும் பேசக் கேட்பர். அதுவே மாரெட்பள்ளி. அங்கே வாடகை வீட்டில் குடியிருக்கும் இரயில்வே எழுத்தன் நான்.

தமிழர் இவ்வூருக்கு நேற்று வந்தவரல்லர். 1806ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் அமைந்தது. ஆங்கிலேயரின் படை இங்கே தங்கியபடியால், முதியோர் இன்றும் இதனை 'லஷ்கர்' என்பர். படை என்பது அதன் பொருள். சென்னைப் படையோடு சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் வழங்கிய முதலியார் குடும்பங்களும் வந்தன. 1874இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1966 அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே இங்கே தலைமையிடம் கொண்டு தொடங்கிற்று. படையைத் தொடர்ந்து வந்தவர் ஒரு தலைமுறை. இரயிலைத் தொடர்ந்து வந்தவர் மற்றொரு தலைமுறை. ஆதலின் சாலையும் தண்டவாளமும் நமக்குப் பிழைப்பின் அடையாளங்கள். அத்தகைய நமக்கே ஒரு சாலையைப் பற்றித் தீர்மானிப்பது இத்தனை கடினமாகும் என நான் எண்ணியதில்லை.

அச்சாலை எதுவெனச் சொல்லுகிறேன். மாரெட்பள்ளியை அடுத்துள்ளது ஜூபிலி பேருந்து நிலையம். சித்திப்பேட்டை, கரீம்நகர் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டு, கார்கானா, திருமலகிரி, லோத்குண்டா, ஆல்வால், பொல்லாரம், ஹக்கீம்பேட்டை வழியாகச் சாமீர்பேட்டையை அடைகின்றன. இராஜீவ் இராஜபாட்டை எனப்படும் இந்த மாநில நெடுஞ்சாலை கரீம்நகரையும் தாண்டி, நிலக்கரியும் மின்சாரமும் விளையும் இராமகுண்டம் வரை செல்லுகிறது. நகரத்துக்குள் இது இராணுவக் குடியிருப்பாகிய கண்டோன்மெண்டை ஊடறுத்துப் போவதால், இருபுறமும் பாதுகாப்புத் துறையின் நிலம். நினைத்தபடி அகலப்படுத்த இயலாது. பல ஆண்டு வேண்டுகோளுக்குப் பின் 2024 மார்ச்சு தொடக்கத்தில் அத்துறை இசைவு தந்தது. மார்ச்சு 7ஆம் நாள் முதலமைச்சர் திரு. ரேவந்த் ரெட்டி அடிக்கல் நாட்டினார். சாமீர்பேட்டை வெளிவட்டச் சாலை வரை சுமார் 18 கிலோமீட்டர். அன்று அறிவித்த மதிப்பு 2,232 கோடி ரூபாய். இரண்டு நாள் கழித்து, பாரடைஸ் சந்திப்பிலிருந்து டெய்ரி பார்ம் சாலை வரை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மற்றொரு மேம்பாலப் பாதைக்கும் 1,580 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாவது பாதை அமைவது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மீது. ஸ்ரீநகரில் தொடங்கி, சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் சாலை அது. நம்மவர் பலருக்கு ஊருக்குப் போகும் சாலையும் அதுவே.

அதன்பின் எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றிற்று. 'மேம்பாலப் பாதையை முழு மனத்துடன் ஆதரிக்கிறோம். காலம் கடத்தாமல் கட்டுக' என்பது அதன் சாரம். தமிழர் வீடுகளில் கையொப்பம் வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மறுப்புச் சொல்லவில்லை. அதற்குக் காரணமும் உண்டு.

ஒரு மழை இரவில் ஆல்வாலில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்கு வயதுள்ள என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. திருமலகிரிக்கும் கார்கானாவுக்கும் இடையே வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. முன்னே வெளியூர்ப் பேருந்து, பின்னே சரக்கு வண்டி, பக்கத்தில் வழியின்றிக் கூவும் ஆம்புலன்ஸ். என் மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவியபடி இருந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மருத்துவரைக் காண ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. குழந்தை பிழைத்தது தெய்வச் செயல். வெளியூர் வண்டிகள் மேலே போய்விட்டால் கீழே நம் பிள்ளைகளுக்கு வழி கிடைக்குமே என்று அன்றிரவு எண்ணினேன். ஆதலால் மனுவின் முதற் கையொப்பம் என்னுடையதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனுவை எடுத்துக்கொண்டு கார்கானாவுக்கு நடந்தேன். கார்கானா என்றால் பட்டறை. இன்று அங்கே பட்டறையைக் காட்டிலும் கடைகளே மிகுதி: மருந்துக் கடை, பாத்திரக் கடை, பழக் கடை, தையற் கடை. அவற்றுள் ஒன்று, நாம் யாவரும் 'அண்ணாச்சி கடை' என்று அழைக்கும் மளிகைக் கடை. நல்லெண்ணெய், அப்பளம், பனங்கருப்பட்டி, காப்பிப் பொடி ஆகியவற்றுக்கு மாரெட்பள்ளித் தமிழர் அங்கேதான் போவார்கள். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வயது அறுபதை நெருங்குகிறது.

மனுவை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார்.

"தம்பி, ரோடு வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஊருக்குப் போறதுக்கும் ரோடுதானே வேணும்? ஆனா போன மாசம் வந்து அளந்துட்டுப் போனாங்க. கடையில முக்காலும் போயிருமாம். கட்டடக்காரருக்குப் பணம் வரும். எனக்கு என்ன வரும்னு இந்தக் காகிதத்துல எங்கேயாச்சும் எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. வாடகை ஒப்பந்தம் உண்டா என்று கேட்டேன். பதின்மூன்று ஆண்டுகளாக எல்லாம் வாய்ச்சொல்லே என்றார். நான் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, கால் கிலோ காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று திருமலகிரி வரை நடந்தேன். பேருந்தில் போகும்போது காணாதவற்றையெல்லாம் நடந்து போகையில் கண்டேன். நிழல் தரும் பெருமரங்களின் கீழ்ச் செருப்புத் தைப்போரும் இளநீர் விற்போரும் இருக்கின்றனர். படையின் மதிற்சுவர் ஒரு புறமும் கடை வரிசை மறுபுறமுமாகச் சில இடங்களில் நடைபாதையே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு காத்து நிற்கின்றனர். சாலையோரத்து உரிமையாளர்கள், '200 அடி அகலம் வேண்டாம், 100 அடி போதும்' என்று கோரியதன் பொருள் அங்கே நின்று பார்த்தபோது விளங்கிற்று. வரைபடத்தில் 100 அடி என்பது ஒரு கோடு; கார்கானாவில் அது ஒரு கடை வரிசை.

மறுவாரம் முழுவதும், அலுவலக நண்பர் ஒருவரின் உதவியோடு, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்த்தேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன் நான். எனினும் நமக்கு வேண்டிய பகுதி கடினமானதன்று. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறத்து உரிமையாளருக்குச் சந்தை மதிப்பும், அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் அது தருகிறது. முதல் அறிவிப்பு வெளிவந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிலம் இல்லாதவராயினும், மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்தவரையும், அங்கே தொழில் செய்து அதனையே முதன்மையான பிழைப்பாகக் கொண்டவரையும் அச்சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்கிறது. சிறு வணிகருக்குக் குறைந்தது 25,000 ரூபாய் ஒரு முறை உதவியாக அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அண்ணாச்சியின் பிழைப்புக்கு 25,000 ரூபாய் ஈடாகுமோ என்றால் ஆகாது. ஆயின் அந்தச் சிறு தொகையைப் பெறவும் மூன்று ஆண்டுச் சான்று வேண்டும். வாய்ச்சொல்லைத் தாலுகா அலுவலகம் ஏற்காது.

கண்டோன்மெண்டில் மற்றொரு சிக்கல் உண்டு. அங்குள்ள பழைய பங்களாக்கள் பலவும் 'பழைய மானியம்' என்னும் ஏற்பாட்டில் உள்ளவை. அந்த ஏற்பாட்டில் கட்டிடம் மட்டுமே குடியிருப்பவருடையது, நிலம் அரசுடையது. அத்தகைய வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருப்போர், வீட்டுக்காரரின் உரிமை எத்தகையது என்பதைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

இவற்றையெல்லாம் மக்களின் சார்பில் கேட்க வேண்டியவர் யார்? கண்டோன்மெண்ட் வாரியத்துக்கு 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. 2023 ஏப்ரல் 30இல் நடப்பதாக இருந்த தேர்தல் நிறுத்தப்பட்டது. எனவே அடிக்கல் நாட்டப்பட்டபோது வாரியத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. அத்தகைய இடத்தில் தெருவில் சுற்றும் மனுவுக்குத் தனி மதிப்பு உண்டாகிவிடுகிறது. 'மக்கள் முழு மனத்துடன் ஆதரித்தனர்' என்று நாளைக்கு எடுத்துக் காட்டப்படுவது அதுவாகவே இருக்கலாம்.

பிற ஊர்களிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் 1959இல், திட்டமிட்டிருந்த பத்து விரைவுச் சாலைகளில் ஏழு வேண்டாமென்று தீர்மானித்தது. சியோல் நகரம் தன் ஆற்றின் மீது கட்டிய மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் நீரோடையாக மீட்டது. நம் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையில், நிலமெடுப்பு அறிவிப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் இரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. மறுபுறம், ஐதராபாத்திலேயே மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பி. வி. நரசிம்மராவ் மேம்பாலம் 2009இல் திறக்கப்பட்டது. விமானநிலையம் செல்வோர் இன்று அதனை வாழ்த்துகின்றனர். ஆகவே மேம்பாலம் நன்று என்றோ தீது என்றோ பொதுவாகச் சொல்லிவிட இயலாது. யாருக்குப் பயன், யாருக்கு இழப்பு, இழந்தவருக்கு என்ன ஈடு என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இரயில்வேக்காரன் என்பதால் ஒன்று கூறாமல் விட இயலவில்லை. 2023 ஏப்ரலில் செகந்தராபாத்திலிருந்து மேட்சல் வரை எம்.எம்.டி.எஸ். புறநகர் இரயில் வந்தது. அது பொல்லாரம் வழியாகவே செல்லுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் சித்திப்பேட்டைக்கும் இரயில் தொடங்கிற்று. அவ்விருப்புப்பாதை கரீம்நகர் வட்டாரத்துக்கு நீளும் திட்டத்தின் பகுதி. வெளியூர் வண்டிக்கு மேம்பாலம் வேண்டுமெனில், பொல்லாரத்துக்கும் ஆல்வாலுக்கும் போகும் நமக்கு வேளைக்கு வேளை வரும் இரயிலும் வேண்டும். மனுவில் அதையும் கேட்பதில் தவறில்லை.

அடுத்த ஞாயிறு மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினோரு குடும்பத்தார் கூடினோம். மூச்சிரைத்த இரவையும் சொன்னேன்; அண்ணாச்சி கேட்டதையும் சொன்னேன். சிலர் சாலை வந்தால் போதும் என்றனர். சிலர் நமக்கேன் வம்பு, நாளை மாற்றலாகிப் போகிறவர்தாமே என்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், "போகிறவர்களின் கையொப்பத்தால் இருப்பவர்களின் கடை போகலாமா?" என்று கேட்டார். அதன்பின் வாதம் நீளவில்லை. 'முழு மனத்துடன்' என்ற சொற்களை அடித்துவிட்டு, நான்கு வேண்டுகோள்களைச் சேர்த்தோம்: அகலம் தேவைக்கு மிகாதிருக்க வேண்டும், வாடகைக் கடைக்காரர்களையும் கணக்கெடுக்க வேண்டும், கீழே நடைபாதையும் மரங்களும் இருக்க வேண்டும், புறநகர் இரயில்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பதினோரு குடும்பங்களும் கையொப்பமிட்டன. முதலில் மனுவைத் தந்தவர்களுக்கு இது உவப்பாக இல்லை, எனினும் பெற்றுக்கொண்டனர்.

சாலை வந்தே தீரும் என்று நினைக்கிறேன், வரவும் வேண்டும். ஆனால் சாலையோரத்தில் வாடகைக்குக் கடையோ வீடோ வைத்திருக்கும் நம் அன்பர்கள், அது வரும் வரை காத்திராமல், வாடகை இரசீது, மின் கட்டணச் சீட்டு, கடை உரிமச் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் திரட்டி வைக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற வாரம் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். பிஸ்கட் தகர டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். பதின்மூன்று ஆண்டு மின் கட்டணச் சீட்டுகள் நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. கட்டடக்காரரும் வாடகைக்கு ஒரு கடிதம் தர இசைந்துவிட்டாராம். மனுவின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். இம்முறை அதனை மடித்துத் திருப்பித் தரவில்லை. கல்லாப்பெட்டிக்கு அருகிலிருந்த பேனாவை எடுத்து, பதினோரு பெயர்களின் கீழே பன்னிரண்டாவதாகத் தம் பெயரை எழுதினார்.